காய்ஞ்சா எறங்கும்

எங்க பிள்ளையார்பாளையத்துல வந்து "உதட்டுக்காரி வூடு எது"ன்னு கேட்டுப் பாருங்க, யாரா இருந்தாலும் கை காட்டுவாங்க. துளசி வூடு எதுன்னு கேட்டா ரெண்டு நிமிஷம் யோசிப்பாங்க. பேர பெத்தவங்க வச்சாங்க, பட்டத்த ஊர் வச்சிச்சி. ஊர் வச்சதுதான் நிக்குது. இவங்க வாயில மண்ணு விழ.

நான் காந்தா. பாவு பிணைக்கிறவ. தறியில நீளவாக்குல ஓடற நூலுதான் பாவு; பழைய பாவு தீர்ந்திச்சின்னா, புதுப் பாவோட இழைய ஒவ்வொண்ணா எடுத்து பழைய இழையோட சேத்து, சாம்பலத் தொட்டு முறுக்கி விடணும். ஆயிரக்கணக்குல இழை இருக்கும். உக்காந்தா பொழுதுக்கும் ஒரே வூடுதான். கை அது பாட்டுக்கு வேலை செய்யும், வாய் சும்மா இருக்காது. எந்த வூட்டு சங்கதியும் எனக்குத் தெரியாம போகாது, தெரிஞ்சத சொல்லாம இருக்கவும் எனக்கு வராது. நாக்குல சனின்னு என் வூட்டுக்காரர் உயிரோட இருந்தப்பவே சொல்லிக்கினு இருந்தாரு. துளசி கதையில எனக்கும் பங்கு இருக்குது. அத மறைச்சிட்டு மத்தவங்கள மட்டும் திட்டினா அடுக்காது.

துளசியோட அப்பா திருஞானசம்பந்தம். நாங்க சம்பந்தண்ணன்னு கூப்பிடுவோம். பட்டு நூலுக்கு சாயம் போடறவரு. பொண்டாட்டி கமலாட்சி மஞ்சக்காமாலையில போனப்ப துளசிக்குப் பதிமூணு வயசு, சின்னவ அபிநயாவுக்கு ஏழு. அன்னிலேர்ந்து தங்கச்சிக்கு தலை வாரி விட்டது, சோறு ஊட்டினது, பரீட்சைக்கு எழுப்பி விட்டது எல்லாம் துளசிதான். அத்தோட அப்பா கூட சாயத் தொட்டிகிட்டயும் நிப்பா. சொன்னா நம்ப மாட்டீங்க, அப்பனைவிட பொண்ணுக்குத்தான் நிறம் பாக்கற கண்ணு. கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பழைய துணிய குடுத்து இதே அரக்கு வேணும்னா, அதே அரக்க கொண்டாந்து நிறுத்துவா. வாடாமல்லியில எத்தினி வாடாமல்லி இருக்குதுன்னு அவளக் கேட்டாத்தான் தெரியும்.

பதினஞ்சு வயசுல அவளுக்குக் கீழ் உதட்டு ஓரத்துல அரிசி அளவுக்கு ஒரு வெள்ளை விழுந்திச்சி. தொட்டியில வேலை செய்யறவ, ஏதோ ஆவி பட்டிருக்கும்னு நெனைச்சோம். ரெண்டு வருஷத்துல அது பாதி உதட்டுக்கும் மோவாய் வரைக்கும் எறங்கிடுச்சி. சென்னையில தோல் டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போனாங்க, நானும் துணைக்குப் போனேன். அவரு தங்கமான மனுஷன். இத குஷ்டம்னு சொல்லாதீங்கம்மா, குஷ்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, வெண்புள்ளின்னு சொல்லுங்க, யாருக்கும் தொத்தாதுன்னாரு. கூடப் பொறந்தவளுக்கு வருமா, நாளைக்கு பொறக்கற கொழந்தைங்களுக்கு வருமான்னு சம்பந்தண்ணன் கேட்டாரு. வரலாம், வராமலும் போகலாம், அத யாராலயும் சொல்ல முடியாதுன்னுட்டாரு.

அவரு சொல்லிட்டாரு, ஊரு கேக்கணுமே. எங்க ஊர்ல நெய்யறதெல்லாம் முக்காவாசி கல்யாணப் பட்டு. மொதல் மொதல்ல தாலி வாங்கிக்கற பொண்ணு உடம்புல ஏறப் போற நூலு. அந்த நூல வெள்ளை விழுந்தவ கை தொட்டிச்சின்னு தெரிஞ்சா எந்த முதலாளியும் அந்த வூட்டுக்கு நூல் அனுப்ப மாட்டான். படிச்சவனும் அப்பிடித்தான், பணக்காரனும் அப்பிடித்தான். அதனால சம்பந்தண்ணன் துளசிய பின்கட்டுல வச்சாரு. நூல் குடுக்க வர்ற பரசுராமன் முதலாளி வண்டி சத்தம் கேட்டா அவ உள்ள போயிடணும். சாயம் போட்டவ இவ, பேரு வாங்கினவரு அப்பா. அவ போட்ட சாயத்துல நெய்ஞ்ச புடவைய அவ ஜவுளிக்கடைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னுகூட பாத்ததில்ல. வெளிய போனா துப்பட்டாவால மோவாய மூடிக்கினுதான் போவா. பல்லு வலின்னு எத்தினி நாளைக்குத்தான் சொல்றது.

பதினெட்டு வயசோட அந்த வெள்ளை அப்பிடியே நின்னுடுச்சி. மூணு வருஷம் அசையல. அப்ப டாக்டரு சொன்னாரு, உதட்டுல மருந்து பிடிக்காது, வேணும்னா ஊசியால தோல் நிறத்த உள்ள ஏத்தலாம், பச்சை குத்தற மாதிரிதான்னு. துளசி உடனே சரின்னா. கல்யாணத்துக்கு ஆசைப்பட்டு இல்ல. வாசல்ல நின்னு பரசுராமன் முதலாளிகிட்ட நூல தன் கையால குடுக்கணும், ஒரு தடவை கடைக்குப் போயி தன் நிறத்த புடவையா பாக்கணும், அவ்ளோதான் அவ கேட்டது.

இங்கதான் அந்தத் தப்பு நடந்திச்சி. சாயக்காரனைத் தவிர வேற எவனும் அந்தத் தப்ப பண்ணியிருக்க மாட்டான். பட்டு தொட்டியிலேர்ந்து ஈரமா வர்றப்ப ஒரு நிறம், நெழல்ல காய்ஞ்சப்புறம் ஒரு நிறம். காய்ஞ்சா நிறம் ஒரு பிடி எறங்கும், வெளுக்கும். அதனால குடுத்த மாதிரியைவிட ஒரு பிடி தூக்கலாத்தான் எடுப்பாங்க. முப்பது வருஷம் அதையே பண்ணின மனுஷன் சம்பந்தண்ணன். ஊசி போடற ரூம்ல ஒரு சின்னப் பொண்ணு குட்டி குட்டி பாட்டில வச்சிக்கினு, ஒரு சொட்ட துளசி கன்னத்துல தடவி ஒத்துப் பாத்திச்சி. அச்சு அசலா இருந்திச்சி, நானே பாத்தேன். துளசியும் கண்ணாடியப் பாத்துட்டு இது போதும்பான்னா. இவரு விடல. இன்னும் ஒரு பிடி ஏத்தும்மா, காய்ஞ்சா எறங்கும்னாரு. அந்தப் பொண்ணு, மொதல்ல கொஞ்சம் எறங்கும்தான் சார், ஆனா இவ்ளோ வேணாம்னு தயங்கிச்சி. முப்பது வருஷமா சாயம் போடறவன் நான், எனக்கே சொல்றியான்னு ஒரு அதட்டு போட்டாரு. டாக்டர் பக்கத்து ரூம்ல இருந்தாரு. அவர கூப்பிட எனக்குத் தோணல. அதட்டலுக்கு பயந்துக்கினு அந்தப் பொண்ணு ஏத்திடுச்சி.

உடம்பு பட்டா? எறங்கவே இல்ல. வீக்கம் வடிஞ்சி, காய்ஞ்சி, மாசம் மூணு ஆச்சி. பாதி உதடு காப்பிக்கொட்டை நிறத்துல தடிச்சாப்புல நின்னுச்சி, மீதி பாதி அவ சொந்த நிறம். வெள்ளை போச்சி, வாஸ்தவம்தான். ஆனா துப்பட்டா கொஞ்சம் நழுவினாலும் நாலு தெரு தள்ளியிருந்தே உதட்டுக்கு ஏதோ பண்ணிக்கினு இருக்கான்னு தெரியும்.

அதுக்குள்ள ஊர் கத கட்டிடுச்சி. சம்பந்தம் பொண்ணு சென்னைக்குப் போயி உதட்டுல பச்சை குத்திக்கினு வந்துட்டா, ஊசி போட்டு உப்ப வச்சிக்கினா, ஆபரேஷன் பண்ணிக்கினா, நடிக்கப் போறா, எவனோ பணம் கட்டியிருக்கான். ஊர் வாய மூட உலைமூடி இருக்குதா? பசங்க பைக்க மெதுவா ஓட்டி உதட்டக் குவிச்சி காட்டிட்டுப் போவானுங்க. தறி வூடுங்கள்ல நான் பாவு பிணைக்கிறப்ப பொம்பளைங்களே எங்கிட்ட கேப்பாங்க, நெசமா காந்தான்னு. எனக்கு நெசம் நாக்கு நுனி வரைக்கும் வரும். இவங்களே மாசத்துக்கு ஒருக்கா புருவத்தப் பிடுங்கிக்கினு வர்றவளுங்க.

ஒரு நாள் தாங்க மாட்டாம சம்பந்தண்ணன்கிட்டப் போயி, நெசத்த சொல்லிடலாம்ணே, பொண்ணு பேரு நாறுதுன்னேன். அவரு தொட்டியில நூலத் திருப்பிக்கினே சொன்னாரு.

"மினுக்கின்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும் காந்தா. மினுக்கியோட தங்கச்சிய கட்டிக்குவாங்க. வெண்குஷ்டக்காரியோட தங்கச்சிய கட்ட மாட்டாங்க."

துளசி அங்கதான் நின்னுக்கினு இருந்தா. அவளும் ஆமாக்கான்னு தலைய ஆட்டினா. அபிநயாவுக்கு ஒரு வழி பொறக்கற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாதுன்னு என் கையப் பிடிச்சி சத்தியம் வாங்கினா. பண்ணிக் குடுத்தேன். அஞ்சு வருஷம் காப்பாத்தினேன். எனக்கு அது எவ்ளோ பெரிய காரியம்னு என்ன தெரிஞ்சவங்களுக்குத்தான் தெரியும்.

போன ஆனியில அபிநயாவுக்கு வரன் வந்திச்சி. ஐயம்பேட்டை. மாப்பிள்ளை வசந்த், தனியார் பேங்க்ல வேலை. அவங்கம்மா புவனேஸ்வரி. பொண்ணு பாக்க வந்தப்பவே அந்தம்மா கண்ணு அபிநயா மேல கால்வாசி, துளசி உதட்டு மேல முக்காவாசி. போறப்ப சொல்லிட்டுப் போச்சி, பொண்ணு பிடிச்சிருக்குது, ஆனா பெரியவ கல்யாணத்துக்கு வர வேணாம், எங்க சொந்தக்காரங்க நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க, போட்டோ வீடியோவுல எல்லாம் அந்த மூஞ்சி காலத்துக்கும் நிக்கும்னு.

இதுல இன்னா கொடுமைன்னா, அந்த மாப்பிள்ளைக்கு மணிக்கட்டுலேர்ந்து முழங்கை வரைக்கும் பச்சை. ஒரு சிங்கம், சுத்தி முள்ளுக்கம்பி, மேல அம்மா பேரு இங்கிலீஷ்ல. அந்தம்மா அவன் கைய இழுத்து எங்களுக்கெல்லாம் காட்டிச்சி, எம்மேல எவ்ளோ பாசம் பாருங்கன்னு. ஆம்பளைன்னா ஸ்டைலு, பொம்பளைன்னா நடத்தை சரியில்ல. நல்ல தராசு.

சம்பந்தண்ணன் தொட்டிகிட்டப் போயிட்டாரு. அபிநயா அழுதா, அக்கா இல்லாம வேணாம்னா. துளசிதான் அதட்டினா. ஒரு நாள் கூத்து, நான் வூட்ல இருந்துக்கறேன், நீ ஆயுசுக்கும் நல்லா இரு போன்னா. அப்பால தங்கச்சியோட முகூர்த்தப் பட்டுக்கு சாயம் போட உக்காந்தா. அரக்கு. நாலு நாள் தொட்டிகிட்டயே கிடந்தா. நூல எடுத்து காய வச்சி, பாத்து, சரியில்லன்னு மறுபடி போட்டா. அந்தப் பாவ நான்தான் பிணைச்சேன். என் விரல்ல எத்தினியோ அரக்கு ஓடியிருக்குது, அது மாதிரி ஒண்ணு ஓடினதில்ல. மங்கலும் இல்ல, பளிச்சுன்னும் இல்ல, அப்பிடியே கண்ண வாங்கி வச்சிக்கும்.

ஆவணியில ஓரிக்கை பக்கம் ஒரு மண்டபத்துல கல்யாணம். கெளம்பறப்ப துளசி எங்கிட்ட ஒண்ணு கேட்டா. மண்டப வெளிச்சத்துல அந்த நிறம் எப்பிடி இருக்குதுன்னு ஒரு போட்டோ அனுப்புக்கான்னா. அபிநயா மணையில உக்காந்ததும் எடுத்து அனுப்பினேன். அடுத்த நிமிஷமே பதில் வந்திச்சி. "நிறம் சரியா இருக்குதுக்கா." தாலி கட்டினப்ப எனக்கு அந்த வரிதான் மனசுல ஓடிக்கினு இருந்திச்சி. கூடப் பொறந்தவ கல்யாணத்த போன்ல நிறமா பாக்கறா.

தாலி ஏறிடுச்சி, முடிஞ்சிச்சி, இனி பயமில்லன்னு நெனைச்சேன். அந்த நெனைப்புதான் என்ன கெடுத்திச்சி. பந்தியில எனக்கு எதிர் இலையில புவனேஸ்வரி, ரெண்டு பக்கமும் அதோட நாத்தனாருங்க. பொண்ணோட அக்கா எங்கன்னு ஒருத்தி கேட்டா. அந்தம்மா சிரிச்சிக்கினே, அதையேன் கேக்கற, அது உதட்ட விக்கற கேஸு, நான்தான் வாசப்படி ஏறக் கூடாதுன்னுட்டேன், தாயில்லாம வளந்தா அப்பிடித்தான்னு சொல்லிச்சி. பாயசத்த ஊத்திக் குடிச்சிக்கினே சொல்லிச்சி.

எச்சக் கையோட எழுந்துட்டேன்.

"அந்தப் பொண்ணு மினுக்கறதுக்கு குத்திக்கலம்மா. வெள்ளை விழுந்திச்சி, அத மறைக்க டாக்டர்கிட்ட போட்டது. உங்க வூட்டுக்கு வந்தவ நல்லா இருக்கணும்னு அஞ்சு வருஷமா எல்லா பேச்சும் கேட்டுக்கினு கிடக்கறா. நீங்க அவ கால் தூசி பெற மாட்டீங்க."

மொதல்ல எனக்கு ஜெயிச்ச மாதிரிதான் இருந்திச்சி. சொல்றேன், மறைக்க மாட்டேன், சந்தோஷமா இருந்திச்சி. புவனேஸ்வரி கைய இலையிலேயே உதறிட்டு என்னயே பாத்திச்சி. கோவமே இல்ல அந்த மூஞ்சில. ரொம்ப மெதுவா கேட்டிச்சி.

"அப்ப சின்னவளுக்கு?"

அப்பத்தான் நான் பண்ணினது இன்னான்னு எனக்கு உறைச்சிச்சி.

அஞ்சு நிமிஷத்துல அபிநயாவ மணமகள் ரூமுக்கு கூட்டிக்கினு போயி மூணு பொம்பளைங்க தாழ்ப்பாள் போட்டுக்கினாங்க. நான் கதவ இடிச்சேன், யாரும் தொறக்கல. உள்ள செல்போன் டார்ச் வெளிச்சம் கதவிடுக்குல அசையறது தெரிஞ்சிச்சி. அழுகை சத்தம் கேட்டிச்சி, அப்பால அதுவும் நின்னு போச்சி. வசந்த் வெளிய நாற்காலியில உக்காந்து தன் கையில இருக்கற சிங்கத்தயே பாத்துக்கினு இருந்தான். சம்பந்தண்ணன் ஒரு தூணப் பிடிச்சிக்கினு நின்னாரு.

இருபது நிமிஷம் கழிச்சி கதவு தொறந்திச்சி. அபிநயா உடம்புல ஒரு பொட்டு வெள்ளை இல்ல. ஆனா அரக்குப் பட்டும் இல்ல. அதுக்கு சாயம் போட்டது அக்காதான்னு அவ வாயிலேர்ந்தே வாங்கியிருக்காங்க. சாயங்காலம் வரவேற்புக்கு எடுத்த நைலான் புடவைய சுத்தி விட்டிருந்தாங்க. அவ யாரையும் நிமிந்து பாக்கல. அந்தம்மா பட்டுப் புடவைய ஒரு பிளாஸ்டிக் பையில திணிச்சி எங்கிட்ட நீட்டிச்சி. தாலி ஏறிடுச்சி, அதனால கூட்டிக்கினு போறோம், ஆனா அந்தக் கை போட்ட சாயம் எங்க வூட்டுக்குள்ள வராது, இனிமே இவளுக்கு பொறந்த வூடு கெடையாது, போனும் கெடையாதுன்னு சொல்லிட்டு கெளம்பிட்டாங்க. அபிநயா கார்ல ஏறினப்ப சம்பந்தண்ணன் கண்ணாடிகிட்ட போனாரு. கண்ணாடி எறங்கல.

நான் ஷேர் ஆட்டோவுல அந்தப் பைய மடியில வச்சிக்கினு வந்தேன். துளசி வாசல்லயே நின்னுக்கினு இருந்தா, துப்பட்டா இல்லாம. தங்கச்சி தாலி கட்டிக்கினான்னு தெரிஞ்சதும் அன்னிக்குத்தான் மொதல் தடவையா மூஞ்சிய மூடாம வாசல்ல நின்னாளாம், பக்கத்து வூட்டம்மா அப்பால சொன்னாங்க. பைய நீட்டினேன். தொறந்து பாத்தா. நடந்தத ஒண்ணு விடாம சொன்னேன். உக்காந்து கேட்டா. கடைசியில பேசினா.

"அஞ்சு வருஷமா ஊரே என்ன கெட்டவள்னு சொல்லிச்சி, தாங்கிக்கினேன். நீ ஒருத்தி என்ன நல்லவள்னு சொன்ன. அத தாங்க முடியலக்கா."

நான் செத்துப் போயிருக்கலாம் அன்னிக்கு.

பத்து நாள்கூட ஆகல, பரசுராமன் முதலாளி ஆளனுப்பி நூலயெல்லாம் திருப்பி வாங்கிக்கினாரு. தொட்டியில ஊறிக்கினு இருந்தது, கொடியில பாதி காய்ஞ்சது, எல்லாத்தையும் மூட்டை கட்டிக்கினு போனாங்க. போறப்ப கை கழுவ தண்ணி கேட்டான் அந்த ஆளு. அப்பால எந்த முதலாளியும் அந்த வூட்டுப் பக்கம் வரல. சம்பந்தண்ணன் இப்ப ஒரு மண்டபத்துல ராத்திரி வாட்ச்மேனா இருக்காரு. துளசி ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போறா. அங்க எல்லாருக்கும் தொப்பி, கையுறை, மாஸ்க். கண்ண மட்டுந்தான் பாப்பாங்க, அதனாலதான் எடுத்துக்கினாங்க போலன்னு அவளே சொன்னா. விடிகாலை வேன்ல ஏறறப்பவே மாஸ்க் போட்டுக்குவா, வூடு வந்துதான் எடுப்பா.

இதுல ஊர் இன்னா பண்ணிச்சின்னு கேக்கறீங்களா? உதட்டுக்காரின்ற பேரு போயிருக்கணும் இல்ல? போகல. அத்தோட இன்னொண்ணும் சேந்துக்கிச்சி. முன்ன அவளப் பாத்து சிரிச்சவங்க இப்ப ஒதுங்கிப் போறாங்க. தறி வூடுங்கள்ல என்னயும் ரெண்டு பேரு வேணாம்னுட்டாங்க, அந்த வூட்டுல தண்ணி குடிக்கறவளாம் நான். குடிக்கறேன்டி, இன்னும் குடிப்பேன்.

தை மாசம் பாத்தேன், அந்த காப்பிக்கொட்டை நிறத்துக்கு வெளிய, கன்னத்துப் பக்கம், நூல் மாதிரி ஒரு வெள்ளை ஓடுது. எட்டொம்பது வருஷம் தூங்கினது மறுபடி எழுந்துடுச்சி. சம்பந்தண்ணனும் பாத்திருக்காரு. காய்ஞ்சா எறங்கும்னு நெனைச்சேன் காந்தான்னு எங்கிட்ட சொன்னாரு. ஆறு வருஷத்துக்கு அப்பால சொன்னாரு.

ஞாயித்துக்கெழமை துளசிக்கு லீவு. நான் போனா காப்பி போட்டுத் தருவா. பேச்சு கம்மி, ஆனா வராதேன்னு சொன்னதில்ல. போன ஞாயித்துக்கெழமை அப்பிடி உக்காந்துக்கினு இருக்கறப்ப என் போன் அடிச்சிச்சி. தெரியாத நம்பரு. என் போன்ல காதுல வச்சா ஒண்ணும் கேக்காது, ஸ்பீக்கர்ல போட்டாத்தான் கேக்கும். போட்டேன். அபிநயா. ஏழு மாசத்துல மொதல் தடவை.

ஆஸ்பத்திரிக்கு வந்திருக்காளாம். மாமியார் மருந்து வாங்கப் போன நேரத்துல ஒரு நர்ஸம்மா போன வாங்கிப் பேசறாளாம். அஞ்சு மாசம்னா. துளசி கையில இருந்த டம்ளர கீழ வச்சா. மெதுவா நகந்து போன் பக்கத்துல வந்து உக்காந்தா. நான் இருக்கேன்னு சொல்லாதன்னு எங்கிட்ட கைய ஆட்டினா.

அக்கா எப்பிடி இருக்கான்னு கேப்பா, அப்பா எப்பிடி இருக்காருன்னு கேப்பான்னு நான் பாத்துக்கினு இருந்தேன். அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதுவும் பாதி மூச்சுல கேட்டா.

"காந்தாக்கா, கொழந்தைக்கு வருமா?"

அந்த டாக்டர் சொன்னது நெஞ்சில நிக்குது, யாராலயும் சொல்ல முடியாதுன்னு. துளசிய பாத்தேன். போன்ல அந்தப் பக்கம் கேக்காத மாதிரி, அவ உதடு மட்டும் அசைஞ்சிச்சி. "வராதுன்னு சொல்லு."

வராதும்மான்னேன். டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரும்மான்னேன். எந்த டாக்டருன்னு அவ கேக்கல.